அயோத்திதாச பண்டிதர்: பௌத்த ஆய்வும் ஊர்ப் பொதுவாழ்வும்

கோலார் தங்கவயல் உறவுகள் அனைவருக்கும் வணக்கம்.

சங்கத்தின் அடுத்த கூட்டத்தில், சித்த மருத்துவரும் ‘தமிழன்’ இதழாசிரியருமான அயோத்திதாச பண்டிதரைப் பற்றி ஓர் அமர்வு வைக்கலாம் என்ற யோசனை வந்தவுடன், நம் குழுவில் இரண்டு கருத்துகள் எழுந்தன. அவர் பௌத்த ஆராய்ச்சியாளர், அவரை அரசியலுக்குள் இழுக்க வேண்டாம் என்று ஒரு சாராரும், அவர் முழுக்க அரசியல் தலைவர், பௌத்தம் அவருக்கு ஒரு கருவி மட்டுமே என்று மற்றொரு சாராரும் எழுதியிருக்கிறார்கள். அவருடைய எழுத்துகளைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில், இந்த இரண்டு கருத்துகளும் அவரைப் பாதியாகவே காட்டுகின்றன என்று எண்ணுகிறேன். பொதுக் கிணற்றில் தண்ணீர் எடுக்கும் உரிமைக்காக மனு எழுதிய கையும், திருக்குறளுக்கும் ஆத்திசூடிக்கும் பௌத்த நோக்கில் விளக்கம் எழுதிய கையும் ஒன்றுதான் என்பது மட்டுமல்ல, முதல் வேலை இரண்டாவது வேலைக்கு அவரைக் கொண்டுசேர்த்தது என்பதே என் வாதம். சற்று விரிவாகச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன்.

1845-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் பிறந்த அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குத் தமிழும் சித்த மருத்துவமும் கற்பித்த வல்லக்காளத்தி அயோத்திதாச கவிராஜ பண்டிதரின் மீது கொண்ட மதிப்பால் ஆசிரியர் பெயரையே தம் பெயராக வைத்துக்கொண்டார். பாட்டனார் கந்தப்பன் ஜார்ஜ் ஹாரிங்டன் என்ற ஆங்கிலேயரிடம் சமையற்பணியில் இருந்தவர். தம் குடும்பத்தார் வழிவழியாகக் காத்துவந்த திருக்குறள், நாலடி நானூறு ஓலைச்சுவடிகளை அவர் ஹாரிங்டன் வழியாக, சென்னையில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த தமிழறிஞர் எல்லிஸ் துரையிடம் சேர்த்தார் என்று பண்டிதர் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். ஏடு படிக்கவும் ஏட்டைக் காக்கவும் தெரிந்த குடும்பம் அது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால்தான், தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்ட தம் மக்களை ‘படிப்பறிவற்ற சாதி’ என்று அரசு ஆவணங்கள் குறித்தபோது அவருக்கு ஏற்பட்ட சினத்தின் ஆழம் விளங்கும்.

இளமையில் அவர் வாழ்ந்தது நீலகிரியில். 1870-இல் அங்கே அத்வைதானந்த சபை என்ற அமைப்பைத் தொடங்கினார். தொடக்கத்தில் அவர் வேதாந்தத்திலும் வைணவத்திலும் ஊறியவராகவே இருந்தார் என்பதற்கு மகன்களின் பெயர்களே சான்று: பட்டாபிராமன், ஜானகிராமன் என்று இராமன் பெயரில் அழைக்கப்பட்ட பிள்ளைகளுக்குப் பின், மகளுக்குப் புத்தரின் தாயார் பெயரான மாயாதேவி வந்தது. இந்த மாற்றம் ஒரே நாளில் நிகழவில்லை. இடையில் நடந்தவை எல்லாம் மனு, மாநாடு, மறுப்பு என்று முழுக்க முழுக்கப் பொதுவாழ்வு சார்ந்தவை. 1885-இல் அருட்திரு ஜான் ரத்தினத்தோடு சேர்ந்து ‘திராவிட பாண்டியன்’ இதழை நடத்தினார். 1891-இல் திராவிட மகாஜன சபையை நிறுவினார். அதே ஆண்டு டிசம்பர் 1-ஆம் நாள் உதகையில் அந்தச் சபையின் மாநாடு கூடி, கோரிக்கைகளைத் தீர்மானங்களாக நிறைவேற்றியது.

நம் கூட்டத்தில் வேறு எதைப் படிக்காவிட்டாலும் அந்தத் தீர்மானங்களை ஒருமுறையாவது வாய்விட்டுப் படிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சாதிப் பெயரை வசைச்சொல்லாகப் பயன்படுத்துவோரைத் தண்டிக்கச் சட்டம் வேண்டும். இந்த மக்களின் பிள்ளைகளுக்குத் தனிப் பள்ளிகளும், அவர்களுள்ளிருந்தே ஆசிரியர்களும், பாதிக் கட்டணமும் வேண்டும். மெட்ரிகுலேஷன் தேறியவர்களுக்கு உதவித்தொகையும் வேலையும் வேண்டும். நகராட்சிகளிலும் ஊர்க் கழகங்களிலும் இவர்களின் குறைகளை எடுத்துச்சொல்ல இவர்களிலிருந்தே உறுப்பினர்களை நியமிக்க வேண்டும். சிறைக்குப் போனால் இந்தச் சாதியாருக்கு மட்டும் இழிவான வேலைகளை ஒதுக்கும் விதியை நீக்க வேண்டும். பொதுக் கிணற்றிலும் குளத்திலும் தடையின்றித் தண்ணீர் எடுக்க வேண்டும். நீதிமன்றங்களிலும் அலுவலகங்களிலும் மற்றவர்கள் உட்காரும் இடத்துக்குள் போகவும் சமமாக உட்காரவும் தடை இருக்கக் கூடாது. இவர்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர்களில் முன்சீப், மணியக்காரர் பதவிகளை இவர்களுக்கே தர வேண்டும். இவை காங்கிரசுக்கும் முஸ்லிம்களின் அமைப்புக்கும் அனுப்பப்பட்டன.

இந்தக் கோரிக்கைகளில் சுயராஜ்யம், மேலவை, கவுன்சில் என்ற பெரிய சொற்கள் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கிணறு, அரசு அலுவலகம், பள்ளிக்கூடம், சிறைக்கூடம், முன்சீப், நகராட்சி ஆகியவையே இருக்கின்றன. நாட்டின் தலைநகரத்தில் யார் ஆட்சி செய்கிறார்கள் என்பதைவிட, ஊரில் தண்ணீர்த் துறையைக் காவல் காப்பது யார் என்பதே ஓர் ஏழையின் அன்றாடத்தைத் தீர்மானிக்கிறது என்ற அறிவு அந்தத் தீர்மானங்களில் தெளிவாகத் தெரிகிறது. உள்ளாட்சி மன்றங்களில் ஒடுக்கப்பட்டோருக்கு இடம் வேண்டும் என்ற கோரிக்கையை இவ்வளவு தெளிவாக 1891-இலேயே எழுதிவைத்த ஒருவரைப் பள்ளிப் பாடங்களில் நாம் படிக்காமலே வளர்ந்தோம் என்பது எனக்கு இன்றும் ஆறாத வருத்தம்.

அடுத்த ஆண்டு, 1892-இல், சென்னை மகாஜன சபை என்ற வேறோர் அமைப்பு சென்னையில் கூட்டிய மாநாட்டுக்கு நீலகிரிப் பிரதிநிதியாகப் போனார். சிவன் கோயிலிலும் விஷ்ணு கோயிலிலும் தம் மக்களை ஏன் அனுமதிப்பதில்லை என்று சபையில் கேட்டார். தஞ்சாவூரிலிருந்து வந்த பிரதிநிதி ஒருவர் எழுந்து, உங்கள் குலத்தாருக்கு மதுரைவீரனையும் காட்டேரியையும் கறுப்பண்ணனையும் கொடுத்திருக்கிறோம், சிவனும் விஷ்ணுவும் உங்களுக்கு உரியவர்கள் அல்லர் என்ற பொருளில் பதில் சொன்னார். அப்படியானால் உங்கள் சாமிகள் எங்களுக்கு வேண்டாம், எங்கள் பிள்ளைகளுக்கு நான்காம் வகுப்பு வரையிலாவது இலவசக் கல்வி கொடுங்கள், சும்மா கிடக்கும் நிலங்களை எங்களுக்குக் கொடுங்கள் என்று பண்டிதர் திருப்பிக் கேட்டார். அவமானத்தை வாங்கிக்கொண்டு வெளியேறாமல், அந்த இடத்திலேயே கல்வியையும் நிலத்தையும் தீர்மானமாக்கச் செய்தது அவருடைய அரசியல் திறனுக்கு ஒரு சான்று.

அதே ஆண்டு செப்டம்பர் 30-ஆம் நாள் சென்னை அரசாங்கம் பிறப்பித்த 1010-ஆம் எண் ஆணைதான் இன்று பஞ்சமி நிலம் என்று நாம் சொல்லும், ஒடுக்கப்பட்ட மக்களுக்கான நில ஒதுக்கீட்டுக்கு அடிப்படை. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் 1891-இல் அளித்த அறிக்கையே அதற்கு நேரடிக் காரணம் என்பதை மறைக்கக் கூடாது. பண்டிதர் ஒருவரால் மட்டுமே அது வந்தது என்று மேடைகளில் சொல்வது சரியன்று. ஆனால் நிலம் இல்லாமல் மானம் இல்லை என்ற கருத்தை அந்த மக்களின் வாயிலிருந்தே சபையேறச் செய்தவர்களில் அவர் முன்னவர். அவருடைய மைத்துனரான இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் ‘பறையன்’ இதழைத் தொடங்கி வேறொரு வழியில் அதே போராட்டத்தை நடத்தினார். பின்னாளில் அம்பேத்கருடன் லண்டன் வட்டமேசை மாநாட்டுக்கும் சென்றார். மதம் மாறுவது பற்றி இருவருக்கும் ஒத்த கருத்து இல்லை. சீனிவாசன் எந்த மதத்துக்கும் மாறவில்லை. அயோத்திதாசர் வேறு கேள்வியைக் கேட்டார்.

அந்தக் கேள்வி இதுதான்: அந்தச் சாமிகள் எங்களுடையவை அல்ல என்று நீங்களே சொல்லிவிட்டால், இந்த மண்ணில் அதற்கு முன் நாங்கள் யாராக இருந்தோம்? வழக்கில் சிக்கிய நிலத்துக்குத் தாய்ப்பத்திரம் தேடுகிறவரைப் போல அவர் பழைய ஏடுகளுக்குள் இறங்கினார். மணிமேகலை, சூளாமணி, சீவக சிந்தாமணி, வீரசோழியம், நிகண்டுகள், சித்தர் பாடல்கள், ஔவையின் நீதி நூல்கள், வாய்மொழியாக வழங்கிய கதைகள், வீட்டுச் சடங்குகள் என எல்லாவற்றையும் அவர் சான்றுகளாக எடுத்துக்கொண்டார். அவற்றிலிருந்து அவர் அடைந்த முடிவு, இன்று தீண்டத்தகாதார் என்று ஒதுக்கப்பட்டவர்கள் முற்காலத்தில் தமிழ்ப் பௌத்தர்களாக வாழ்ந்தவர்கள் என்பதும், பௌத்தம் வீழ்த்தப்பட்டபோது அதை விடாதவர்கள் தாழ்த்தப்பட்டார்கள் என்பதும் ஆகும். திருவள்ளுவரையும் ஔவையையும் பௌத்த மரபில் வைத்துப் படித்தார். தீபாவளியை அசுரனைக் கொன்ற நாளாக ஏற்காமல், எள்ளிலிருந்து நெய் எடுக்கக் கண்ட பௌத்தர் காலத்துப் பண்டிகை என்று விளக்கினார். ‘புத்தரது ஆதிவேதம்’ என்ற நூலில் புத்தர் வரலாற்றையும் அறத்தையும், ‘இந்திரர் தேச சரித்திரம்’ என்ற நூலில் இந்த நாட்டின் வரலாற்றை அந்த நோக்கிலும் எழுதினார்.

இந்த முடிவுகளை எல்லாம் இன்றைய வரலாற்றறிஞர்கள் ஏற்கவில்லை. சொற்களுக்கு அவர் கண்ட மூலங்கள் பலவற்றை மொழியியலாரும் ஏற்க மாட்டார்கள். நானும் அவற்றை அப்படியே வரலாறாக ஒப்புவிக்கும்படி யாரையும் கேட்கவில்லை. ஆனால் கல்வெட்டும் அகழாய்வும் கைக்கு எட்டாத ஒரு மருத்துவர், பல்கலைக்கழகத்தின் வாசலைக் கூட மிதிக்காமல், ஒடுக்கப்பட்டவர்களின் நினைவும் சடங்கும் வரலாற்றுக்குச் சான்றாகும் என்று துணிந்து சொன்னார். இன்று ஆய்வாளர்கள் இயல்பாகக் கையாளும் இந்த அணுகுமுறையை அவர் நூறாண்டுகளுக்கு முன்பே கைக்கொண்டார். அதற்கு மேல் முக்கியமானது அதன் விளைவு. கெஞ்சிக் கேட்கும் சாதியாக நின்றவர்கள், இழந்ததைத் திரும்பக் கேட்கும் சமூகமாக நிமிர்ந்தார்கள். பொதுக் கிணறு சலுகையாகத் தரப்பட வேண்டியது அன்று, பறிக்கப்பட்டது திருப்பித் தரப்பட வேண்டும் என்று பேச அவர்களுக்கு ஒரு வரலாறு கிடைத்தது.

அடையாற்றிலிருந்த பிரம்மஞான சபையின் (தியோசாபிகல் சொசைட்டி) தலைவர் ஆல்காட் 1894 முதல் ஒடுக்கப்பட்ட பிள்ளைகளுக்காக இலவசப் பள்ளிகளை நடத்திவந்தார். 1898-இல் பண்டிதர் அவரை அணுகி, தம் மக்கள் பௌத்தர்களே, அவர்கள் தங்கள் பழைய சமயத்துக்குத் திரும்ப உதவ வேண்டும் என்று கேட்டார். அவ்வாண்டே ஆல்காட், பண்டிதரையும் பஞ்சமர் பள்ளி ஆசிரியரான கிருஷ்ணசாமியையும் கொழும்புக்கு அழைத்துச் சென்றார். அங்கே வித்யோதய பிரிவேனா என்ற பௌத்தக் கல்லூரியின் தலைவர் ஹிக்கடுவே சுமங்கல தேரரிடம் அவர்கள் பௌத்தத்தின் ஐந்து ஒழுக்க நெறிகளான பஞ்சசீலம் பெற்றார்கள். திரும்பி வந்து சென்னை இராயப்பேட்டையில் சாக்கைய பௌத்த சங்கத்தை நிறுவினார். திருமணம், பிள்ளைக்குப் பெயரிடுதல், சாவு, பௌர்ணமி வழிபாடு ஆகியவற்றைப் புரோகிதர் தயவின்றி நடத்த வழிசெய்தார். ‘விவாக விளக்கம்’ என்ற சிறுநூல் அந்தத் தேவைக்காகவே எழுந்தது.

1907-ஆம் ஆண்டு ஜூன் 19-ஆம் நாள், புதன்கிழமை, ‘ஒரு பைசாத் தமிழன்’ வார இதழ் இராயப்பேட்டையிலிருந்து வெளிவந்தது. ஓராண்டுக்குப் பின் பெயர் ‘தமிழன்’ என்று மாறியது. பௌத்த ஆய்வும் ஊர் அரசியலும் அவரிடம் எப்படிப் பிணைந்திருந்தன என்பதற்கு அந்த இதழை விடச் சிறந்த சான்று இல்லை. ஆதிவேதத்தின் ஒரு பகுதி ஓடிக்கொண்டிருக்கும் அதே காலத்தில், சேரிகளுக்குக் குடிநீர் இல்லாமை பற்றியும், நகரசபையின் சுகாதாரக் குறைகள் பற்றியும், கிராம அதிகாரிகளின் கெடுபிடி பற்றியும், பஞ்சத்தைப் பற்றியும், உழுகிறவனுக்குத் தரிசு நிலம் தராமல் தடுப்பவர்களைப் பற்றியும் எழுதினார். வாசகர் கேள்விகளுக்கு விடை, மருத்துவக் குறிப்பு, இலக்கண விளக்கம் எல்லாம் அதே இதழில் வந்தன. வைத்தியம் பார்த்துக்கொண்டே இதை நடத்தினார் என்பதை மறக்க வேண்டாம். சிறுவயதில் கைகால் முடங்கிக் கிடந்த தம்மை அயோத்திதாசரின் மருந்து எழுப்பியது என்று திரு.வி.க. தம் வாழ்க்கைக் குறிப்புகளில் நன்றியோடு எழுதியிருக்கிறார்.

நம்மைப் போன்று ஊரைவிட்டு வெளியேறி வாழ்பவர்களுக்கு இன்னொரு செய்தியும் உண்டு. அந்த இதழை இரங்கூனிலும் தென்னாப்பிரிக்காவிலும் பிழைக்கப் போன தமிழர்கள் வரவழைத்துப் படித்தார்கள், சந்தா அனுப்பினார்கள், அங்கும் சங்கக் கிளைகள் எழுந்தன. கப்பலேறிப் போன தொழிலாளிகளுக்கு ஊரோடும் தங்கள் வரலாற்றோடும் தொடர்பு வைத்திருக்க ஓர் அச்சுத்தாள் உதவியது.

1909-இல் சட்டமன்றங்களை விரிவாக்கிய மிண்டோ–மார்லி சீர்திருத்தம் வந்தபோதும், 1911-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக் கணக்கு நெருங்கியபோதும் அவருடைய பௌத்தம் நேரடியாக அரசியல் நடவடிக்கையாயிற்று. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வரும்போது சாதிப் பெயர் சொல்லாமல் பௌத்தர் என்று பதிவு செய்யுங்கள் என்று ‘தமிழன்’ இதழ் வழியாக மக்களை அறிவுறுத்தினார். ஒதுக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையையும் சேர்த்து இந்துக்களின் எண்ணிக்கை என்று காட்டி இடங்களைப் பெற்றுக்கொண்டு, அந்த மக்களுக்கு எதையும் தராமல் விடுவது எந்த நீதி என்று கேட்டார். பிற்காலத்தில் இந்திய அரசியலையே உலுக்கிய தனிப் பிரதிநிதித்துவ விவாதத்தின் விதை அங்கே கிடக்கிறது.

அவர் ஆங்கிலேய அரசை வெளிப்படையாக ஆதரித்தார், சுதேசி இயக்கத்தைக் கடுமையாக விமர்சித்தார். இது நம்மில் பலருக்கு நெருடலாக இருக்கலாம். அவருடைய வாதத்தை அவர் நின்ற இடத்திலிருந்து பார்க்க வேண்டும்: தன் ஊர்க் கிணற்றை அண்டைத் தெருவுக்குத் திறக்காதவர்கள் தன்னாட்சி கேட்டால், அந்த ஆட்சியில் அண்டைத் தெருவின் கதி என்ன என்ற அச்சம் அது. அந்த அச்சம் நியாயமானது என்றே நான் கருதுகிறேன். அதேவேளையில் அந்த அரசின் வரிவிதிப்பும் நிலக் கொள்கையும் பஞ்சத்துக்கு எவ்வளவு காரணம் என்பதை அவர் போதுமான அளவு எடைபோடவில்லை என்பதையும் சொல்லியே ஆக வேண்டும்.

அதைவிடப் பெரிய குறை வேறொன்று. பஞ்சமர் என்ற ஒரே பெயரில் எல்லா ஒடுக்கப்பட்ட சாதிகளையும் சேர்ப்பதை அவர் எதிர்த்தார். தாம் பூர்வ பௌத்தர் என்று கருதியவர்களைத் தோட்டி, சக்கிலியர், குறவர் முதலியோரிடமிருந்து பிரித்துக் காட்டிய இடங்களில் அவருடைய சொற்கள் அவர்களைக் காயப்படுத்துகின்றன. சாதியை வேரோடு மறுத்த அறத்தைப் பேசியவரிடம் இது இருந்தது என்பதை நம் கூட்டத்தில் மழுப்பாமல் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். அவரைக் கொண்டாடுபவர்களே இதைச் சொன்னால்தான் அந்தக் கொண்டாட்டத்துக்கு மதிப்பு உண்டு.

சென்னையில் அவர் காலத்திலேயே வேறு வகைப் பௌத்தர்களும் இருந்தார்கள். வேதியியல் பேராசிரியரான லட்சுமி நரசு 1907-இல் பௌத்தத்தின் சாரத்தைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் எழுதினார். அதை 1948-இல் அம்பேத்கர் முன்னுரையோடு மறுபதிப்புச் செய்தார். வழக்கறிஞரான சிங்காரவேலர் மகாபோதி சங்கத்தின் சென்னைப் பணியில் ஈடுபட்டிருந்தவர். பின்னர் பொதுவுடைமை இயக்கத்தின் முன்னோடியாகி, 1925-இல் சென்னை மாநகராட்சி உறுப்பினராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். இவர்களுக்குப் பௌத்தம் அறிவியலோடு இயைந்த பகுத்தறிவு நெறி. பண்டிதருக்கோ அது தம் மக்களின் இழந்த வீடு. இதனால் இரு சாராருக்கும் இடையே கடுமையான கருத்துப் போர் நடந்தது. நகரத்து மண்டபத்தில் பேசப்பட்ட பௌத்தத்தைவிட, தொழிலாளியின் வீட்டுத் திருமணத்திலும் சாவிலும் நுழைந்த பௌத்தமே அடுத்த தலைமுறைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கு நம் தங்கவயலே சாட்சி.

1880-ஆம் ஆண்டிலிருந்து ஜான் டெய்லர் கம்பெனி நம் மண்ணில் சுரங்கம் வெட்டத் தொடங்கியபோது, வடஆற்காட்டிலிருந்தும் சித்தூர்ப் பகுதியிலிருந்தும் நம் முன்னோர்கள் வந்தார்கள். சுரங்க வேலை உயிரை வாங்கும் வேலைதான். தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருந்த லைன் வீடுகள் நெருக்கமும் புழுக்கமும் நிறைந்தவைதான். ஆனாலும் ஊரில் கிடைக்காத இரண்டு இங்கே கிடைத்தன: கையில் காசாகக் கூலி, தலைக்கு மேல் மிராசுதார் இல்லாத வாழ்க்கை. மாரிக்குப்பத்தில் சாக்கைய பௌத்த சங்கத்தின் கிளை எழுந்ததும், ‘தமிழன்’ இதழுக்கு இங்கிருந்து பணமும் எழுத்தும் போனதும் இந்தச் சூழலில்தான். எம்.ஒய். முருகேசர் போன்ற நம் ஊர்ப் பெரியவர்கள் அந்தப் பணிக்குத் தோள் கொடுத்தார்கள்.

1914-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் பண்டிதர் மறைந்தார். மகன் பட்டாபிராமன் சிறிது காலம் இதழை நடத்தினார். பிறகு அது நின்றுபோயிற்று. 1926-இல் பண்டித ஜி. அப்பாதுரையாரை ஆசிரியராகக் கொண்டு ‘தமிழன்’ மீண்டும் தொடங்கப்பட்டது நம் தங்கவயலில்தான். பண்டிதர் இதழில் தொடராக எழுதியவற்றைத் தனி நூல்களாக அச்சிட்டு, மலிவு விலையில் தொழிலாளிகளின் கைக்குக் கொண்டுசேர்த்ததும் இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலைதான். சென்னையில் தோன்றிய ஓர் எண்ணத்தைச் சென்னை கைவிட்ட பின்னும் காப்பாற்றியவர்கள் நம் ஊர்ச் சுரங்கத் தொழிலாளர்கள். அப்பாதுரையார் காலத்தில் அந்தப் பௌத்தம் சுயமரியாதை இயக்கத்தோடு கைகோத்தது. 1930-இல் கைரேகைப் பதிவுக்கு எதிராகச் சுரங்கத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். அதற்குப் பௌத்த சங்கமே காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் இதழ் படித்து, கூட்டம் போட்டு, மனு எழுதிப் பழகிய ஒரு தொழிலாளர் ஊரில் அது நடந்தது என்பதைச் சொல்லாமல் விட முடியாது. பின்னாளில் கர்நாடகச் சட்டமன்றத்துக்கு நம் தொகுதியிலிருந்து அம்பேத்கர் வழிவந்த குடியரசுக் கட்சியின் வேட்பாளர்கள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை வென்றதற்கும் அந்தப் பழைய விளைநிலத்தோடு தொடர்பு உண்டு என்பது என் உறுதியான எண்ணம்.

அதன் பிறகு நீண்ட மறதி. பண்டிதரின் பெயர் தமிழகப் பொதுமேடைகளில் ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. ‘தமிழன்’ இதழ்த் தொகுதிகளைத் தம் வாழ்நாள் முழுவதும் கட்டிக்காத்த அன்பு பொன்னோவியம் போன்றவர்களின் உழைப்பாலும், அவற்றைத் திரட்டித் தொகுத்த ஞான அலாய்சியசின் உழைப்பாலும், 1999-இல் பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் நாட்டார் வழக்காற்றியல் ஆய்வு மையம் ‘அயோத்திதாசர் சிந்தனைகள்’ தொகுதிகளை வெளியிட்டது. அதற்குப் பின்னரே பல்கலைக்கழகங்கள் அவரைப் படிக்கத் தொடங்கின. 2005-இல் அஞ்சல்தலை வந்தது. தாம்பரத்திலுள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தின் மருத்துவமனைக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. 2023-இல் சென்னை கிண்டியில் மணிமண்டபம் திறக்கப்பட்டது. இவை எல்லாம் மகிழ்ச்சிக்குரியவை. ஆனால் இந்த மீட்பில் தங்கவயலின் பங்கு போதுமான அளவு எழுதப்படவில்லை என்பது என் குறை.

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்ட பிறகு நம் குடும்பங்கள் பெங்களூருக்கும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் அதற்கு அப்பாலும் சிதறின. வீடுகள் காலியானபோது பெட்டிகளும் பரண்களும் காலியாயின. அவற்றோடு அச்சுத்தாள்களும் போயின. ஆகவே கூட்டத்தில் உரை நிகழ்த்துவதோடு நில்லாமல், நம் சங்கம் ஒரு வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

உங்கள் குடும்பத்தாரிடமோ, மாரிக்குப்பம், சாம்பியன் ரீஃப், ஆண்டர்சன்பேட்டை, உரிகம் பகுதிகளில் இன்னும் வாழும் உறவினர்களிடமோ சித்தார்த்த புத்தகசாலை வெளியீடுகள், 1926-க்குப் பிந்தைய ‘தமிழன்’ இதழ்கள், பௌத்த சங்கத்தின் ரசீதுகள், துண்டறிக்கைகள், பௌத்த முறையில் நடந்த திருமணங்களின் அழைப்பிதழ்கள், கூட்டங்களில் எடுத்த புகைப்படங்கள் எவையேனும் இருந்தால் தயவுசெய்து விசாரித்து எழுதுங்கள். அட்டை இல்லாதவை, செல்லரித்தவை, பாதிப் பக்கம் போனவை என்று ஒதுக்கிவிட வேண்டாம். பசை நாடா ஒட்டவோ பிளாஸ்டிக் உறையிட்டுச் சூடேற்றவோ வேண்டாம். அது தாளைக் கெடுத்துவிடும். முதற்பக்கம், அச்சகப் பெயர் உள்ள பக்கம், கடைசிப் பக்கம் ஆகிய மூன்றையும் பகல் வெளிச்சத்தில் படமெடுத்து, யாரிடம் இருந்தது, எந்த லைனில் அவர்கள் வாழ்ந்தார்கள் என்ற குறிப்போடு சங்கச் செயலாளருக்கு மட்டும் அனுப்புங்கள். குடும்பத்தாரின் முகவரியைப் பொதுவில் இட வேண்டாம். உரியவர் இசைந்தால், சென்னையிலுள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற ஆவணக் காப்பிடங்களை அணுகி மின்படியாக்க ஏற்பாடு செய்யலாம். மூலத்தாள் உரியவரிடமே திரும்பிவிட வேண்டும் என்பதை முதலிலேயே எழுத்தில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

எண்பது வயதைக் கடந்த நம் பெரியவர்கள் சிலர் அப்பாதுரையாரின் பேச்சை நேரில் கேட்டிருக்கக்கூடும். ஊருக்குப் போகும் இளைஞர்கள் அவர்களிடம் உட்கார்ந்து குரற்பதிவு எடுத்துவர முன்வந்தால், கேட்க வேண்டிய கேள்விகளை எழுதித் தர நான் அணியமாக இருக்கிறேன். விருப்பமுள்ளவர்கள் இந்த மடலுக்கே விடையெழுதித் தெரிவியுங்கள். பயணத் தேதியையும் சேர்த்து எழுதினால், யார் யாரைச் சந்திப்பது என்று பகிர்ந்துகொள்ள எளிதாக இருக்கும்.

அன்புடன்,
உங்கள் ஊர்க்காரன்